மிச்சத்தின் எடை

படைவீரர்களின் உணவுப் பொட்டலங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவள் பதினான்கு வருடங்களாக வேலை பார்த்துவந்தாள். அது என்ன வேலை என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. அவளுடைய பதினொரு வயது மகள், "எங்க அம்மா சாப்பாட்டை எரிச்சுப் பார்ப்பாங்க" என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. உணவை உலர்த்திப் பொடித்து, மாத்திரைபோல் அழுத்தி, கனத்த எஃகுக் குடுவைக்குள் வைத்து, ஆக்ஸிஜனை நிரப்பி, மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைப்பார்கள். குடுவையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதைக் கொண்டு, அந்த உணவில் எத்தனை கலோரி என்று கணக்கிடுவார்கள். ஆய்வகத்தில் அந்தக் குடுவைக்குப் பெயர் 'குண்டு'. காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும், "இன்னைக்கு எத்தனை குண்டு போட்டாச்சு?" என்றுதான் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

அந்த வேலையில் அவளுக்கு நல்ல பெயர். எடை பார்க்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். சந்தேகம் வந்தால் மூன்று முறை எரிப்பாள். புதிய பொட்டலம் ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, இயக்குநர் வேறு யாரையும் யோசிக்காமல் அவளிடம்தான் ஒப்படைத்தார்.

ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு கலோரி. மூன்று வேளைக்குச் சமைத்து அடைத்த உணவு ஆயிரத்து இருநூறு. கெட்டி பிஸ்கட் இரண்டு கட்டு தொள்ளாயிரம். குழாயில் அடைத்த கடலைப் பசை அறுநூறு. மீதியைச் சாக்லேட், உலர்ந்த பழக்கட்டி, பானப் பொடி, பால் பொடி, சர்க்கரை என்று பங்கிட்டிருந்தாள். எடை கூடாமல் கலோரியை ஏற்றுவதற்கு பிஸ்கட்டையும் பசையையும் விட்டால் வழியில்லை. குண்டில் போட்டுப் பார்த்தாள். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது.

ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் குண்டு சொல்லும். வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதை அது சொல்லாது. அதற்காகக் களச்சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு மலையடிவார முகாமில் முப்பது வீரர்களுக்குப் பன்னிரண்டு நாள் இந்தப் பொட்டலத்தை மட்டுமே கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு துணிப்பை. சாப்பிட்ட பொருளின் உறையையும் சாப்பிடாத பொருளையும் அந்தப் பைக்குள் போட்டு மாலை ஐந்து மணிக்குள் கொண்டுவந்து தர வேண்டும். அவள் கூடாரத்தில் தராசோடு உட்கார்ந்து மிச்சத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்வாள். வீரர்கள் அவளுக்கு இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்: மிச்சம் மேடம். அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

முதல் நாள் எல்லாரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பிஸ்கட் கட்டுகள் பிரிக்கப்படாமல் திரும்பி வரத் தொடங்கின. நான்காம் நாள் பாதிப் பைகளில் பசைக் குழாயும் சேர்ந்து வந்தது. பிஸ்கட் தொண்டையில் மணலைப்போல் நிற்கிறது, ஒன்று தின்றால் அரை லிட்டர் தண்ணீர் கேட்கிறது என்று ஒருவர் சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அன்று மாலை இயக்குநர் தொலைபேசியில் அழைத்து, சோதனை எப்படிப் போகிறது என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இந்தப் பருவத்துக்குள் பொட்டலம் தேறியாக வேண்டும், மேலிடத்தில் தேதி கொடுத்தாயிற்று என்று அவர் சொன்னார். எண்களை மாற்று என்று அவர் சொல்லவில்லை. அதைப் பின்னாளில் அவள் பலமுறை தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் விடாத மழை. பைகள் நனைந்து வந்தன, ஆனால் மிச்சமே இல்லை. முகாமின் சார்ஜென்ட், பெரிய மீசைக்காரர், தானே முன்னால் நின்று பைகளை வரிசையாக வைத்தார். "பசங்க இன்னைக்கு வெளுத்து வாங்கிட்டாங்க மேடம். ஒண்ணு மிச்சமில்ல" என்றார். அவள் ஒவ்வொருவரையும் கேட்டாள். "முழுசா சாப்பிட்டேன் மேடம்" என்று ஒரே மாதிரி பதில் வந்தது.

பிஸ்கட்டைச் சாப்பிட்டால் உறை மிஞ்ச வேண்டும். முப்பது பேருக்கு அறுபது உறை. அவள் எண்ணிப் பார்த்தாள், பத்தொன்பதுதான் இருந்தது. மீதி நாற்பத்தொன்று எங்கே என்று கேட்டதற்கு, காற்றில் பறந்துபோயிருக்கும் என்றார் சார்ஜென்ட்.

குடையை எடுத்துக்கொண்டு கூடாரங்களுக்குப் பின்னால் நடந்தாள். அங்கே புதிதாக வெட்டிய ஒரு குழி. மழைத் தண்ணீர் பாதிவரை நிறைந்திருந்தது. அதில் பிரிக்கப்படாத பிஸ்கட் கட்டுகள் மிதந்தன. ஓரத்துச் சேற்றில் பசைக் குழாய்கள் செருகிக் கிடந்தன.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கு நினைவில்லை. குழியில் இறங்கி அத்தனையையும் பொறுக்க வேண்டும். எது யாருடையது என்று விசாரிக்க வேண்டும். சார்ஜென்ட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அதற்குப் பிறகு இயக்குநரைக் கூப்பிட்டு, பொட்டலம் தேறாது என்று சொல்ல வேண்டும். செருப்புக்குள் தண்ணீர் புகுந்து கால் விறைத்திருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வந்த வழியே கூடாரத்துக்குப் போய், பையில் இருந்ததை மட்டும் எடைபோட்டு எழுதினாள். அடுத்த ஏழு நாளும் அப்படியேதான் எழுதினாள். அந்தப் பக்கம் மறுபடி போகவே இல்லை.

அறிக்கையில் வீரர்கள் உண்ட அளவு தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்று வந்தது. பொட்டலம் தேறியது. அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பனியில் பாதை அடைபட்டு, மலைமேல் ஒரு காவல் நிலையில் பன்னிரண்டு பேர் முப்பத்தெட்டு நாள் சிக்கியிருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பொட்டலம்தான் உணவு. இறங்கி வந்தபோது ஆளுக்குச் சராசரியாக ஒன்பது கிலோ இளைத்திருந்தார்கள். ஒருவர் தண்ணீருக்காகப் பனிக்கட்டி சுமந்து வரும்போது கால் தடுமாறி விழுந்து, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவர்களோடு இருந்த மருத்துவ உதவியாளர் பன்னிரண்டு பேரின் எடையையும், ஏறும்போது இவ்வளவு, இறங்கும்போது இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் கலோரி சரிதானா என்று சோதித்துச் சொல்லுங்கள்.

அவள் அந்தத் தொகுதியிலிருந்து ஆறு பொட்டலங்களை எடுத்து எரித்தாள். எண் கொஞ்சமும் பிசகவில்லை. மூவாயிரத்து எண்ணூறு இருந்தது. இயக்குநருக்கு நிம்மதிப் பெருமூச்சு. "பார்த்தியாம்மா, நம்ம மேல தப்பில்ல. பதிலை நீயே எழுதிடு" என்றார்.

எழுதினாள். பொட்டலத்தின் கலோரி அளவு சரியாக உள்ளது; களச்சோதனையில் வீரர்கள் இதை ஏறக்குறைய முழுமையாக உண்டது பதிவாகியுள்ளது; ஆகவே எடை குறைந்ததற்கு, உணவு உண்பதில் வீரர்கள் காட்டிய ஒழுங்கின்மையே காரணமாக இருக்கலாம். 'ஒழுங்கின்மை' என்ற சொல்லை யாரும் அவளுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே யோசித்துப் போட்ட சொல். எழுதும்போது அது பொருத்தமாகக்கூடத் தோன்றியது.

அன்று மாலை துணி துவைக்கும்போது மகளின் சட்டைப் பையிலிருந்து காய்ந்த ரொட்டித் துண்டுகள் விழுந்தன. மதியம் கொடுத்தனுப்பியது. சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, சாப்பிடாததைச் சாப்பிட்டேன் என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். மகள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "பிடிக்கலைன்னு நாலு தடவை சொன்னேன்மா. நீங்க கேக்கல. அதான் சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் குனிந்து ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கினாள். அன்று இரவுச் சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். தலைவலியா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ பார்க்க வந்திருக்கிறார்களாம். போனாள். ஒடிசலான ஓர் இளைஞர் முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டை காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. கடிதம் எழுதிய மருத்துவ உதவியாளர்.

"என்னைத் தெரியல இல்ல மேடம்? களச்சோதனையில பதினேழாம் நம்பர் பை."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த முப்பது பேரில் ஒருவர். அந்தப் படைப்பிரிவைத்தான் பிறகு மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பதில் கிடைத்தது என்றார். அதைப் பன்னிரண்டு பேருக்கும் படித்துக் காட்டினாராம். ஏன் படித்தோம் என்று ஆகிவிட்டதாம். அந்தக் கடிதத்தின் நகலை ஒவ்வொருவரின் பணிக்கோப்பிலும் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார். கால் முறிந்தவரின் கோப்பிலும்தான். தன் ஒழுங்கின்மையால் பலவீனப்பட்டு விழுந்தார் என்று அதில் ஒரு வரி ஏறிவிட்டது.

"கலோரி சரின்னு எழுதியிருந்தீங்க. நான் நம்புறேன் மேடம். ஆனா அது எங்க வயித்துக்குள்ள போகலையே. ஏன் போகலன்னு நீங்க ஒரு தடவை பார்த்துட்டா நல்லாயிருக்கும்."

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே தொகுதி. ஆய்வகத்தில் குளிரறை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உறைகள் விறைத்து வெடிக்கின்றனவா என்று பார்ப்பதற்கான அறை; பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. அங்கே உட்கார்ந்து இந்த ஒரு பொட்டலத்தை ஒரு பகல் முழுக்கச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். தண்ணீர் ஒரு லிட்டர் மட்டும். மேலே அடுப்பெரிக்க எரிபொருள் குறைவு, பனியை உருக்கினால் ஆளுக்கு அவ்வளவுதான் தேறும்.

இயக்குநர் அன்று வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாள். பாதுகாப்பு அலுவலர் மணிக்கொரு தடவை கால் மணி நேரம் வெளியே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்துவிட்டார். தடித்த மேலங்கி, கையுறை, காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். மருத்துவ உதவியாளர் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கையுறையோடு உறையைக் கிழிக்க முடியவில்லை. கழற்றினால் விரல் மரத்துப்போனது. பசைக் குழாயை அமுக்கினாள்; மெழுகுவர்த்திபோல் விறைத்து நின்றது. குழாயை வெட்டிப் பசையைப் பல்லால் சுரண்ட வேண்டியிருந்தது. பிஸ்கட்டின் விளிம்பு மேலண்ணத்தைக் கீறியது. வாயில் ஊறிய எச்சிலை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொண்டது. ஒரு வாய்க்கு ஒரு மிடறு என்று குடித்ததில் பத்தரை மணிக்குள் பாதித் தண்ணீர் காலி. அதற்குமேல் பசித்தது, ஆனால் விழுங்க முடியவில்லை. பசி இருக்கும்போதே சாப்பிட முடியாமல் போகும் என்பதை அவள் படித்திருக்கிறாள். தன் உடம்பில் அன்றுதான் அறிந்தாள்.

தராசும் வெள்ளைப் பீங்கான் ஓடும் கொண்ட அறைக்குள்தான் பதினாறு வருடம் இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதில் எத்தனை முறை சொல்லக் கேட்டிருப்பாள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உதவியாளர் சூடான தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய மிச்சத்தை அவளுடைய தராசிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். அவர் எடையைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒன்றே முக்கால் கட்டு பிஸ்கட், முக்கால் குழாய் பசை, இரண்டு வேளை உணவில் பாதி பாதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அவள் உடம்புக்குள் போனது இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

"நல்லாவே சாப்பிட்டிருக்கீங்க மேடம். எங்கள்ல பாதிப் பேர் இவ்வளவு சாப்பிடல" என்றார். கேலி இல்லாமல் உண்மையாகவே சொன்னார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயை இரண்டு வருடம் சோற்றில் மறைத்துவைத்தாயிற்று.

"தம்பி, அஞ்சாம் நாள் மழையில நான் கூடாரத்துக்குப் பின்னால போனேன். அந்தக் குழியைப் பார்த்தேன். பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டேன். தொண்ணூத்தி நாலுன்னு எழுதினது தெரிஞ்சே எழுதினது."

அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முள் அசையாமல் நின்றது.

"அந்தக் குழியை வெட்டினதே நான்தான் மேடம்" என்றார். "பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தா நம்ம பிரிவுக்குத்தான் கெட்ட பேருன்னு சார்ஜென்ட் சொன்னாரு. மம்பட்டியை எங்கிட்ட கொடுத்தாரு. நீங்க கேட்டப்போ முழுசா சாப்பிட்டேன்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மேல போய் முப்பத்தெட்டு நாளும் அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன். அன்னைக்கு ஒருத்தன் உண்மையைச் சொல்லியிருந்தா இது மலைக்கே வந்திருக்காது இல்ல?"

அப்படி அவர் பழியில் பங்கு கேட்டது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கு மம்பட்டியைக் கொடுத்து உத்தரவு போட ஒருவர் இருந்தார். அவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. மழை பெய்தது, கால் நனைந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல நினைத்தாள். சொன்னால் தன்னைத் தேற்றச் சொல்லிக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

"எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார் அவர்.

"தரேன்."

"நானும் தரேன்."

மறுநாள் இயக்குநரிடம் போனாள். அவர் முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "ரெண்டு வருஷத்துக் குப்பையை இப்ப ஏம்மா கிளறுறே? பிஸ்கட்டை மாத்திடுவோம். பசையைச் சாப்பாட்டோட கலந்துடுவோம். திருத்திய பொட்டலம்னு ஒரு பேரைப் போட்டு அனுப்பிடுவோம். வீரர்களுக்கு நல்லது நடக்கும், உனக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவள் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க அந்தச் சரியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பொட்டலம் மாறப்போகிறது, அதுதானே முக்கியம் என்று தனக்குத்தானே வாதாடினாள். அந்த வாதம் வீடுவரை வந்தது. செருப்பைக் கழற்றும்போது, அந்தக் கடிதம் பன்னிரண்டு கோப்புகளில் இருப்பது நினைவுக்கு வந்தது. பிஸ்கட்டை மாற்றலாம், அந்தச் சொல் அங்கேயேதான் இருக்கும்.

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாப்பத்தொரு உறை குறைஞ்சது உனக்கு அன்னைக்கே தெரியும்?"

"தெரியும்."

அவர் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்தார். ஒவ்வொன்றாக மடித்தார். மகளின் சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தார். அவ்வளவு நேரம் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து வருடத்தில் அவர் அப்படி இருந்ததில்லை. கடைசித் துணியை வைத்துவிட்டு, "எழுது. நான் எழுத்துப் பிழை பார்த்துத் தரேன்" என்றார்.

மூன்று பக்கம் வந்தது. அவர் மூன்று ஒற்றுப்பிழையைத் திருத்தினார். ஓரிடத்தில் அவள், 'மோசமான வானிலை காரணமாக' என்று எழுதியிருந்தாள். அதைச் சுட்டிக்காட்டி, "இது வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் அடித்துவிட்டாள்.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. ஒரு நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சார்ஜென்ட் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். கடிதம் அனுப்பியும் வரவில்லை. உதவியாளர் வந்து, கை கட்டி நின்று, மம்பட்டி உட்பட எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவளுடைய களக்குறிப்பேட்டைப் பிரித்து நாள்வாரியாகப் படித்தார்கள். ஆறாம் நாள், மிச்சம் இல்லை. ஏழாம் நாள், மிச்சம் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும், இது எடைபோட்டு எழுதியதா என்று கேட்டார்கள். பையில் இருந்ததை எடைபோட்டேன், குழியில் இருந்ததைப் போடவில்லை என்று எட்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூவரில் ஒருவர் வயதான மருத்துவர். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். வேண்டுமென்று குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் அதுதான் அவளைக் கூனிக் குறுகவைத்தது.

அவள் எழுதிய பதில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். பன்னிரண்டு கோப்புகளிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அவளுடைய பதவி இரண்டு படி இறங்கியது. இனிக் களச்சோதனைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. உறைகளின் ஒட்டு காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் போட்டார்கள். இயக்குநர் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் சுவரில் இருக்கும் அறிவிப்பைப் படிப்பார். கூடச் சாப்பிடுகிறவர்கள் அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சை மாற்றுவார்கள். எத்தனை குண்டு போட்டாச்சு என்று அவளை யாரும் கேட்பதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் புதிய களச்சோதனை நடந்தது, பனியிலேயே. மிச்சத்தை எடைபோட உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முடிவில் கெட்டி பிஸ்கட் போயிற்று. வாயில் போட்டால் கரையும் மெல்லிய வகை வந்தது. பசை தனியாக இல்லாமல் உணவோடு கலந்தது. பனி உருக்கக் கூடுதல் எரிகட்டி வைத்தார்கள். மேலே அச்சிட்ட கலோரி முன்பைவிடக் குறைவு, மூவாயிரத்து அறுநூறு. உள்ளே போனது மூவாயிரத்து முந்நூறு. இதெல்லாம் அவளுக்கு உதவியாளர் எழுதிய நாலு வரியில் தெரிந்தது.

கால் முறிந்தவருக்கு அவள் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டிருந்தாள். மூன்றாவதை எழுதாமல் நேரிலேயே போனாள். ஒரு படைக்கிடங்கின் வழங்குமிடத்தில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். கம்பளி, கையுறை, விளக்கு என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. முப்பது வயதிருக்கும். உயரமானவர். ஒவ்வொரு முறை அலமாரிக்குப் போகும்போதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அவள் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டார். தான் யார் என்று சொன்னாள். பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று ஓரமாக வரச் சொன்னார். அங்கே நின்றபடியே சொன்னாள்: குழி, பை, தொண்ணூற்று நான்கு, ஒழுங்கின்மை. குரல் உடையாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தாள். முடித்தும்விட்டாள்.

அவர் மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அந்த பிஸ்கட் இப்ப இல்லையாமே?" என்று கேட்டார். இல்லை என்றாள். "நல்லது" என்றார்.

அவள் நகராமல் நின்றாள். அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்குக் கோவம் வருதான்னு பார்க்கிறேன்மா. இப்ப வரல. நீங்க இவ்வளவு தூரம் வந்து நிக்கிறதால வரலையோ என்னமோ. வீட்டுக்குப் போனா வரலாம். அட்ரஸ் குடுத்துட்டுப் போங்க. வந்தா எழுதுறேன்."

அவள் சொன்னாள். அவர் ஒரு வழங்கல் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கதவு எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார். வந்தவருக்கு இரண்டு கம்பளி வேண்டும். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார்.